உதிர்ந்த தக்கையும் 640 மில்லி பிராந்தியும்

போன நவம்பரில் எங்கள் பாருக்கு ஒரு பாட்டில் வந்தது. பிரான்சின் தென்மேற்கு மூலையில், கஸ்கோனிப் பக்கம் காய்ச்சிய ஆர்மன்யாக் என்ற திராட்சை பிராந்தி. 1976 அறுவடை. முதலாளியம்மா ஏலத்தில் 110 பவுண்டுக்கு எடுத்திருந்தார். அந்த வயதுப் பாட்டிலுக்கு அது மலிவு. ஏன் மலிவு என்பது விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்ததும் தெரிந்தது. கழுத்துக்குள் நிற்க வேண்டிய பிராந்தி தோள்பட்டை வரை இறங்கிக் கிடந்தது. வாயில் பூசியிருந்த செங்கல் நிற மெழுகில் நீளமாக ஒரு விரிசல். யாரோ இதைப் பல வருடம் படுக்கப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

வைன் பாட்டிலைப் படுக்க வைக்கலாம், வைக்கவும் வேண்டும். பிராந்தியை அப்படி வைத்தால் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஆல்கஹால் தக்கையை ஊறவைத்துத் தின்றுவிடும். நான் கும்பகோணத்திலிருந்து லண்டன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதில் ஏழு வருடம் இந்த பார் வேலைதான். பழைய பாட்டில்கள் வந்து போவது உண்டு. ஆனால் இந்த அளவு நோயாளியைக் கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

முதலாளியம்மா சொன்னது ஒரே வரி: "அலமாரியில் பொம்மையாக உட்கார வைக்க நான் வாங்கவில்லை. வருடம் முழுக்க மெனுவில் வர வேண்டும்." எங்கள் மெனு வருடத்துக்கு நான்கு முறை மாறும். ஆக ஒரு பாட்டிலை நான்கு பருவங்களுக்கும் பங்கு வைக்க வேண்டும், நடுவில் அது கெட்டும் போகக் கூடாது. என் நோட்டில் அன்றைக்குக் குறித்ததிலிருந்து தொடங்கி, இந்த நவம்பர் வரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் லேபிளைப் படித்தேன். பா-ஆர்மன்யாக் (ஆர்மன்யாக் நாட்டின் ஒரு பகுதி), 1976, 42 சதவீதம். கீழே சின்ன எழுத்தில் பாட்டிலில் அடைத்த வருடம், 1999. அந்தச் சின்ன எழுத்துதான் முக்கியம். பிராந்திக்கு மரப்பீப்பாயில் இருக்கும்போதுதான் வயது ஏறும். கண்ணாடிக்குள் போனதும் நின்றுவிடும். 1976 திராட்சையை அடுத்த வசந்தத்துக்குள் காய்ச்சி முடித்திருப்பார்கள், அப்புறம் 1999 வரை பீப்பாய். ஆக இதன் வயது இருபத்திரண்டுதான், ஐம்பதை நெருங்கிவிட்டது என்று சொல்லி விற்றால் அது பொய். 1976 ஐரோப்பாவே காய்ந்து போன கோடை என்பது மட்டும் உண்மை. இங்கே வயதானவர்கள் இன்றும் அந்த வருடத்து வறட்சியைப் பேசுவார்கள்.

கோன்யாக்கும் பிரான்சின் திராட்சை பிராந்திதான், ஆனால் அது பெரிய கம்பெனிகளின் சரக்கு. பல வருடத்துப் பிராந்திகளைக் கலந்து, எப்போது வாங்கினாலும் ஒரே சுவை வரும்படி பார்த்துக்கொள்வார்கள். ஆர்மன்யாக் பெரும்பாலும் சின்னப் பண்ணைக்காரர்களின் வேலை. அதனால் ஒரே வருடத்து அறுவடையை அந்த வருடத்தின் பேரிலேயே விற்கும் வழக்கம் அங்கே வலுவாக இருக்கிறது. அப்படி வருடம் போட்டு விற்க வேண்டுமென்றால் குறைந்தது பத்து வருடம் மரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். இன்னொரு வித்தியாசம், கோன்யாக்கை இரண்டு தடவை காய்ச்சுவார்கள். ஆர்மன்யாக்கைப் பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில், செம்பு அடுக்குக் கொதிகலனில் முடித்துவிடுவார்கள். அதனால் திராட்சையின் எண்ணெயும் வாசனையும் கொஞ்சம் கரடுமுரடாக அப்படியே தங்கிவிடும். இந்த எண்ணெய் பின்னால் என்னைப் படுத்திய பாட்டை அந்த இடத்தில் சொல்கிறேன்.

பாட்டிலை இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தேன், கசடு அடியில் இறங்கட்டும் என்று. மூன்றாம் நாள் காலை பத்து மணி, பார் காலி. மெழுகைக் கத்தியின் முதுகால் தட்டித் தட்டி உடைத்து, பெயின்ட் பிரஷால் துகளைக் கூட்டி, கழுத்தை ஈரத்துணியால் துடைத்தேன். தக்கையின் தலை தெரிந்தது. கறுத்து, ஓரம் சுருங்கி, பார்க்கப் பழைய வெல்லக்கட்டி மாதிரி இருந்தது.

இதற்குத் திருகாணி வைக்கக் கூடாது. நடுவில் துளை போட்டு இழுத்தால் நடுப்பகுதி மட்டும் கையோடு வரும். இரண்டு தகடு உள்ள திறப்பான் ஒன்று உண்டு. தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இறக்கி, பக்கத்துக்குப் பக்கம் அசைத்து, திருகிக்கொண்டே மேலே கொண்டுவர வேண்டும். நீளமான தகட்டை முதலில் நுழைத்து, மற்றதை எதிர்ப்பக்கம் வைத்து, சாவி திருப்புவது போல மெதுவாகத் திருப்பினேன். முக்கால் அங்குலம் நன்றாகவே வந்தது. அப்புறம் ஒரு சத்தம், உலர்ந்த முறுக்கை ஒடிப்பது போல. மேல் பாதி என் கையில். கீழ்ப் பாதி கழுத்திலேயே நிற்கிறது.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, போனால் போகிறது என்று மீதியை உள்ளே தள்ளிவிடுவது. என் கையும் ஒரு நொடி அதற்குத்தான் போனது. உடன் வேலை செய்யும் இத்தாலிக்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய யோசனையில் திருகாணியும் தகடும் ஒன்றாக வேலை செய்தன. நீளத் திருகாணியை மீதித் தக்கையில் மூன்று சுற்று மட்டும் இறக்கி, அது கீழே போகாமல் பிடித்துக்கொண்டு, அதன் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் தகடுகளை இறக்கினோம். நடுவில் ஒரு பிடி, ஓரத்தில் இரண்டு பிடி. ஆறு நிமிடம் ஆனது. தக்கை வந்துவிட்டது, ஆனால் அரைக் கரண்டித் தூள் உள்ளே விழுந்தது.

இனி வடிகட்டல். முதலில் எஃகு டீ வடிகட்டி, அதற்குக் கீழே கொதிநீரில் அலசிப் பிழிந்த மஸ்லின் துணி. காபி வடிகட்டும் காகிதம் நன்றாகத் தெளிவாக்கும் என்று பலர் சொல்வார்கள். முழுவதையும் அதில் ஊற்றுவதற்கு முன் 10 மில்லியை மட்டும் விட்டுப் பார்த்தேன். தெளிவு பிரமாதம். மூக்கில் வைத்தால் புது நோட்டுப் புத்தக வாசனை! காகிதத்தை வெந்நீரில் நன்றாக அலசிவிட்டு ஊற்றினால் அந்த வாசனை வராது என்பதும் உண்மைதான். ஆனாலும் அது கொஞ்சம் எண்ணெய்ப் பதத்தையும் இழுத்துக்கொள்கிறது என்று நாக்குக்குப் பட்டது. ஆகவே கடைசியில் அடியில் நின்ற கலங்கலுக்கு மட்டும் அலசிய காகிதம், மற்றதெல்லாம் துணியில்.

அளந்தபோது பாட்டிலில் 640 மில்லி இருந்திருக்கிறது என்று கணக்கு வந்தது. 700 மில்லி பாட்டிலில் 60 மில்லியை காற்று குடித்திருக்கிறது. துணியிலும் தூளிலும் போனது, காகிதச் சோதனைக்குப் போனது எல்லாம் சேர்த்து 30. மூன்று பேர் ஆளுக்கு 20 மில்லி ருசி பார்த்தோம்.

ருசியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதல் மூச்சில் காய்ந்த ஆரஞ்சுத் தோல், உலர்ந்த கொடிமுந்திரி (திராட்சை இல்லை, புரூன் என்கிற உலர்ந்த பிளம்ஸ்). பத்து நிமிடம் கழித்து வேறொன்று எழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ரான்சியோ என்பார்கள். அக்ரூட் பருப்பின் தோல், காளான், ஈர மரம் என்றெல்லாம் விவரிப்பார்கள். எனக்கு வந்தது கொப்பரைத் தேங்காய் வாசனை. தாத்தா வீட்டுப் பரணில் சாக்கோடு கிடக்கும் கொப்பரை, லேசாகச் சிக்கு ஏறத் தொடங்கும் நேரத்தில் வருமே, அதுதான். இது கற்பனை இல்லை. ஓக் மரத்தில் தேங்காய் மணம் தரும் பொருள் ஒன்று உண்டு. ரான்சியோவோ, பீப்பாயில் காற்றுப் பட்டுப் பட்டுக் கொழுப்பு அமிலங்கள் மாறி வருவது. எண்ணெய் சிக்குப் பிடிப்பதன் நல்ல குணமுள்ள ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்றிரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். "பிராந்தியா? யாருக்குடா சளி?" என்றார். எங்கள் வீட்டில் பிராந்தி என்றால் மழைக்காலத்தில் பீரோ மேல்தட்டில் இருக்கும் கால் பாட்டில்தான், வெந்நீரில் ஒரு மூடி. அதுவும் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகில் இருந்து எடுத்த சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்தது. திராட்சையை அது எவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்ததோ! "இது வேறப்பா, 1976 திராட்சை" என்றேன். "அப்ப நீயே பிறக்கலையே" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

மிச்சம் 550. பெரிய பாட்டிலில் திரும்ப ஊற்றி வைத்தால் அதில் கால்வாசி காற்று இருக்கும், ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் காற்று கூடிக்கொண்டே போகும். மருந்துக் கடைப் பாணியில் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள் ஐந்து வாங்கினேன். 100 மில்லி என்று போட்டிருந்தாலும் வாய் விளிம்பு வரை 108 பிடித்தது. உள்ளே கூம்பு வைத்த பிளாஸ்டிக் மூடி, தக்கை வேண்டவே வேண்டாம். விளிம்பு வரை நிரப்பி, கொஞ்சம் வழியவிட்டு மூடி, தேதி எழுதி ஒட்டினேன். ஒன்றிலிருந்து நான்கு வரை நான்கு பருவத்துக்கு. ஐந்தாவதை யாரும் தொடக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க. மீதிப் பத்து மில்லி சோதனைக்கு.

பழைய காலிப் பாட்டிலை என்ன செய்வது? இப்படிப்பட்ட காலிப் பாட்டில்களை வாங்கி மட்டச் சரக்கு ஊற்றி விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். லேபிளின் குறுக்கே அழியாத மையால் கோடு போட்டு, பாரில் மெழுகுவர்த்தி குத்தி வைத்துவிட்டோம்.

ஒரு கோப்பைக்கு எவ்வளவு? 15 மில்லி என்று முடிவு செய்தேன். பிரிட்டனில் ஜின், ரம், வோட்கா, விஸ்கி நான்கையும் தனியாக ஊற்றினால் 25 அல்லது 35 மில்லி, அல்லது அவற்றின் மடங்கு என்று சட்டம் இருக்கிறது. பிராந்தி அந்தப் பட்டியலிலேயே இல்லை, கலவைப் பானங்களுக்கும் வேறு கணக்கு. ஆக எனக்குத் தடையில்லை. ஒரு சின்னப் பாட்டிலில் ஆறு கோப்பைக்கு 90 போக, 18 மிச்சம். அதில் 8 சோதனைக்கு, 10 அப்படியே பாட்டிலில் கிடக்கட்டும். அந்தப் பத்து ஏன் என்பது கடைசியில் வரும்.

அடிச்சரக்குக்கு இளைய ஆர்மன்யாக் ஒன்றை எடுத்தேன், நான்கைந்து வருடத்துப் பிராந்தி. பானத்தின் உடம்பு அது. 1976 மேலே வாசனைக்கு, ரசத்துக்குக் கடைசியில் தாளித்துக் கொட்டுவது மாதிரி. எல்லாவற்றையும் பழையதிலேயே செய்தால் பணம் கரைவது ஒரு பக்கம், சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்ததும் இருபத்திரண்டு வருட வேலை காணாமல் போய்விடும்.

பழைய பிராந்தியைக் கலப்பதே பாவம் என்று ஒரு கட்சி உண்டு. 2012 அக்டோபரில் இதே லண்டனில் சால்வத்தோரே கலப்ரேசே என்ற பார்க்காரர் 1778ஆம் வருடத்துக் கோன்யாக்கை வைத்து ஒரு காக்டெய்ல் செய்து 5,500 பவுண்டு விலை போட்டு கின்னஸ் சாதனை எடுத்தார். அதை நினைத்தால் என்னுடைய 15 மில்லி கொசுறு.

டிசம்பர். குளிருக்குச் சூடான பானம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இளையது 30 மில்லி, கொடிமுந்திரி சிரப் 10, பழையது 15, மேலே கொதிக்கும் தண்ணீர். ஆர்மன்யாக் நாட்டுக்கு அடுத்த வீடுதான் ஆஜான், உலர் கொடிமுந்திரிக்குப் பேர் போன ஊர். அந்தப் பழத்தை ஆர்மன்யாக்கில் ஊறப்போட்டுச் சாப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம், ஆகவே ஜோடிப் பொருத்தத்தில் குறையில்லை. ஆனால் சோதனைக் கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொதிநீர் பட்டதும் ஆல்கஹால் முதலில் ஆவியாகி மூக்கை அடிக்கிறது, பின்னாலேயே பெயின்ட் கடை வாசனை. கொப்பரையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. சோதனைக்கு வைத்த பத்து மில்லி போச்சு.

சரி, தண்ணீரை ஆறவிட்டேன். தெர்மாமீட்டர் வைத்து 85, 75, 65 டிகிரி என்று இறக்கிக்கொண்டே வந்தேன், இளைய பிராந்தியை மட்டும் வைத்து. 65இல் மூக்கு தாங்குகிறது, நாக்குக்கும் சூடு போதும். கோப்பையை மட்டும் முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஊற்றியதும் வெதுவெதுப்பாகி ரோகிக்குக் கொடுக்கிற கஷாயம் ஆகிவிடும். 1976ஐ தண்ணீருக்கு முன்னால் சேர்க்காமல், எல்லாம் கலந்து முடிந்ததும் கரண்டியின் முதுகில் விட்டு மேலே மிதக்கவிட்டேன். குனிந்ததும் முதலில் அதுதான் மூக்குக்கு வரும். ஆறு கோப்பையும் ஒரே வெள்ளிக்கிழமை இரவில் தீர்ந்தன. ஒருவர் இரண்டு வாங்கினார். அதை நான் விட்டிருக்கக் கூடாது.

வசந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கஸ்கோனியிலேயே ஒரு பானம் இருக்கிறது, பூஸ்-ராப்பியேர் என்று பேர். ஆரஞ்சு ஊறவைத்த ஆர்மன்யாக் மதுவைக் கொஞ்சம் ஊற்றி, மேலே நுரைக்கும் வைன். நான் ஆரஞ்சுக்குப் பதில் ருபார்ப் தண்டு போட்டேன். யார்க்‌ஷயரில் இருட்டுக் கொட்டகைக்குள் வளர்த்து, குளிர்காலக் கடைசியில் சந்தைக்கு வரும் இளஞ்சிவப்புத் தண்டு அது. பார்க்க அழகு. ஆனால் அந்தப் புளிப்பு புளிச்சக்கீரைப் புளிப்பு, அது பழையதை அமுக்கி உட்கார வைத்துவிட்டது. சிரப்பை 15இல் இருந்து 7க்குக் குறைத்து, வைனையும் பாதியாக்கியதும் சுமாராக வந்தது. ஆறும் விற்றன. எனக்குத் திருப்தியில்லை. நுரைக்கு இளையதே போதும், பழையதை அங்கே செலவழித்தது என் தப்பு.

ஜூன் மாதத் தப்பு இதைவிடப் பெரியது. பாரில் வேலை அதிகம் இருக்கும் கோடையில் பானத்தை முன்கூட்டியே கலந்து ஃப்ரீசரில் வைத்துவிடுவது இப்போது பரவலான வழக்கம். ஆர்வக்கோளாறில் மூன்றாம் எண் பாட்டிலைத் திறக்காமல் அப்படியே ஃப்ரீசரில் தள்ளினேன். மைனஸ் 18இல் 42 சதவீதச் சரக்கு உறையாது, அந்தத் தைரியம்தான். மறுநாள் எடுத்து டார்ச் அடித்தால் தெளிவான பிராந்தி இருந்த இடத்தில் அரிசி கழுவிய தண்ணீர். அடியில் வெள்ளை வெள்ளையாகப் பிசிறு வேறு.

ஒரே ஓட்டத்தில் காய்ச்சுவதால் தங்கும் எண்ணெய் என்று சொன்னேனே, அது இதுதான். நீளச் சங்கிலிக் கொழுப்பு எஸ்டர்கள், வெதுவெதுப்பில் ஆல்கஹாலில் கரைந்திருக்கும். குளிர்ந்தாலோ தண்ணீர் சேர்ந்து ஆல்கஹால் குறைந்தாலோ பிரிந்து வெளியே வந்துவிடும். பெரிய கம்பெனிகள் இதற்காகவே பாட்டிலில் அடைக்கும் முன் குளிரவைத்து வடிகட்டிவிடுவார்கள். பாட்டில் தெளிவாக இருக்கும், வாயில் அந்த வழவழப்பு குறையும். என் பண்ணைக்காரர் அதைச் செய்யவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. பதற்றத்தில் வடிகட்டக் கை துறுதுறுத்தது. வடிகட்டியிருந்தால் ருசியைத்தான் குப்பையில் போட்டிருப்பேன். ஒரு நாள் முழுக்க அறைச்சூட்டில் வைத்து, அவ்வப்போது மெல்லச் சுழற்றினேன். மாலைக்குள் கலங்கல் தெளிந்தது. இரண்டு மூன்று பிசிறு மட்டும் பிடிவாதமாக நின்றது, குடிப்பவர் கண்ணில் படாது.

கோடைக்குச் செய்தது ஜூலெப். புதினாவும் நொறுக்கிய ஐஸும் என்றால் இன்று எல்லோருக்கும் அமெரிக்க போர்பன் விஸ்கிதான் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டிலேயே நல்ல ஜூலெப் என்றால் கோன்யாக் ஊற்றியது. அப்புறம் ஃபைலாக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது, பிராந்தி வரத்து சுருங்கியது. அந்தப் பூச்சி ஆர்மன்யாக் நாட்டையும் விடவில்லை. அதுவரை ஆண்டுகொண்டிருந்த ஃபோல் பிளான்ஷ் என்ற திராட்சை நொடித்துப் போக, 1898இல் ஃப்ரான்சுவா பாகோ என்ற பள்ளி ஆசிரியர் அதையும் ஓர் அமெரிக்கக் கொடியையும் கலந்து உருவாக்கிய பாகோ திராட்சை அங்கே வேரூன்றியது. பா-ஆர்மன்யாக்கின் மணல் மண்ணில் இன்றும் அது நிறைய உண்டு. ஜூலெப்பில் ஆர்மன்யாக் ஊற்றுவது ஏதோ நவீனக் குறும்பு என்று நினைக்க வேண்டாம்.

வெள்ளி டம்ளரில் புதினா எட்டு இலை, சிரப் 10 மில்லி. இலையைக் கசக்கக் கூடாது, அழுத்தி விட்டால் போதும். கசக்கினால் பச்சைக் கசப்பு இறங்கும். இளையது 45, நொறுக்கிய ஐஸைக் கூம்பாகக் குவித்து, டம்ளருக்கு வெளியே பனி பூக்கும் வரை கிளற வேண்டும். இங்கே ஒரு சிக்கல். குளிர் வாசனையைக் கட்டிப்போடும். 1976ஐ உள்ளே கலந்தால் ஐஸுக்கு அடியில் ஊமையாகிவிடும். ஐஸ் மேட்டின் மேல் ஊற்றினேன். அது ஐஸ் இடுக்கில் இறங்குவதற்குள் குடிப்பவர் மூக்கு அங்கே இருக்கிறது. உறிஞ்சுகுழலை வேண்டுமென்றே குட்டையாக வெட்டினேன், குனிந்துதான் குடிக்க வேண்டும். புதினாக் கொத்தை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, குழலுக்குப் பக்கத்தில் செருகினால் முடிந்தது. வருடத்தில் நான் செய்த நான்கில் இதுதான் நல்லது என்று இன்னும் நினைக்கிறேன். வெயில் காலத்துக்கும் மூத்த பிராந்திக்கும் ஆகாது என்று சொன்ன வாடிக்கையாளர் ஒருவர் கடைசி இரண்டு டம்ளரையும் தனக்கென்று எடுத்து வைக்கச் சொன்னார்.

இலையுதிர்காலத்துக்குப் பால் பஞ்ச். எலுமிச்சை சேர்ந்த மதுக்கலவையைப் பாலில் ஊற்றித் திரியவிட்டு, திரிந்த கட்டியின் வழியாகவே வடித்தால் கண்ணாடி போல் தெளிந்த பானம் வரும். பாலைக் கலவையில் ஊற்றக் கூடாது, கலவையைத்தான் பாலில் மெல்ல ஊற்ற வேண்டும். அப்போதுதான் திரிவு பொடிப்பொடியாக விழுந்து நல்ல வடிகட்டியாகும். இளைய ஆர்மன்யாக் 300 மில்லி, கொஞ்சம் கடுப்பாக இறக்கிய இலங்கைத் தேயிலை 200, எலுமிச்சைச் சாறு 100, சீமை மாதுளைச் சிரப் 150, இவற்றை 200 மில்லி முழுக் கொழுப்புப் பாலில் விட்டேன். அரைமணி நேரம் வைத்துவிட்டு மஸ்லினில் ஊற்றினால் முதலில் கலங்கலாக வரும். அதையே திரும்ப அந்தக் கட்டியின் மேல் ஊற்ற வேண்டும். இரண்டாம் சுற்றில் சொட்டுச் சொட்டாக, வெளிறிய வைக்கோல் நிறத்தில், தெளிவாக வந்தது.

அந்த நிறத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. தேநீரின் கறுப்பு எங்கே போனது? பால் புரதம் துவர்ப்புப் பொருட்களைப் பிடித்துக்கொண்டு கட்டியோடு தங்கிவிடுகிறது. தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான். பிராந்திக்கு மரம் கொடுப்பதில் பெரும்பங்கு அந்தத் துவர்ப்புதான். சந்தேகம் தீர, நான்காம் பாட்டிலின் 8 மில்லியை மட்டும் எடுத்து, ஒரு துளி எலுமிச்சையும் ஒரு கரண்டிப் பாலும் விட்டுத் திரியவைத்து வடித்தேன். கிடைத்தது மிருதுவான, வழவழப்பான, பேர் தெரியாத ஏதோ ஒரு மது. பீப்பாய் இருந்த சுவடே இல்லை. இருபத்திரண்டு வருடத்தை ஒரு கரண்டிப் பால் அரைமணியில் கழுவிவிட்டது. இளையதைப் பாலில் போட்டு முடித்து, கோப்பையில் பெரிய ஐஸ் கட்டியின் மேல் பஞ்சை ஊற்றி, பழையதைக் கடைசியில்தான் சேர்த்தேன். தெளிந்த வைக்கோல் நிறத்துக்குள் அரக்கு நிறம் நூல் நூலாக இறங்குவதைப் பார்ப்பதற்கே ஆட்கள் ஆர்டர் செய்தார்கள்.

இந்த நவம்பர், முதல் ஞாயிறு. பார் மூடியதும் நான்கு பாட்டில்களையும் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் பத்து மில்லி பிராந்தி, மீதியெல்லாம் காற்று. டிசம்பர் பாட்டில் காற்றோடு பதினோரு மாதம் குடித்தனம் செய்திருக்கிறது. ஏப்ரல் பாட்டில் ஏழு மாதம், ஜூன் ஐந்து, செப்டம்பர் இரண்டு. ஐந்தாவதாக, திறக்கவே திறக்காத பாட்டில். எது எது என்று தெரியாதபடி இத்தாலிக்காரர் எண் மறைத்து ஊற்றினார்.

டிசம்பரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆரஞ்சு போய்விட்டது, நனைந்த அட்டைப்பெட்டியும் சாம்பலும்தான் மிச்சம். ஏப்ரல் அதற்குத் தம்பி. ஜூன் பரவாயில்லை, ஃப்ரீசர் கலாட்டாவால் குறை ஒன்றும் தெரியவில்லை. நான் எதிர்பார்க்காதது செப்டம்பர். மூவருமே திறக்காத ஐந்தாவதைவிட அதற்கே அதிக மதிப்பெண் போட்டோம். ஐந்தாவது மூடிக்கொண்டு முறைப்பாக இருந்தது, செப்டம்பரில் கொப்பரை வாசனை கை எட்டும் தூரத்தில் நின்றது. இரண்டு மாதக் காற்று நல்லது செய்திருக்கிறது, ஏழு மாதம் கெடுத்திருக்கிறது. நடுவில் எங்கே திரும்புகிறது என்று சொல்ல இந்த ஒரு பாட்டில் போதாது.

ஐந்தாவதைத் திறந்தாகிவிட்டது, ருசிக்கு மூவரும் ஆளுக்கு 10 எடுத்தது போக 78 மில்லி. முதலாளியம்மா அதை என் பக்கம் தள்ளி, "உன் சம்பளத்தில் பிடிக்க மாட்டேன்" என்றார். 30 மில்லிச் சொட்டு மருந்துப் பாட்டில்கள் இரண்டில் விளிம்பு வரை நிரப்பினேன், அவையும் ஆளுக்கு 33 பிடித்தன. மிச்சம் 12ஐ நின்றபடியே இத்தாலிக்காரரும் நானும் பாதிப் பாதி. ஒன்று பாரின் அலமாரியில், அடுத்த வருடம் பார்க்க. இன்னொன்றில் தேதியை எழுதி, சாக்ஸுக்குள் சுருட்டி, ஜனவரிப் பயணப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னபோது, "முப்பது மில்லியா? அது ஒரு மூடிக்கே வராதேடா" என்றார்.